டிவிக்கு ஸ்மார்ட் ஸ்பீக்கரே சவுண்ட்பார் என்றால்: சிக்கல்களும் அவற்றைத் தீர்க்கும் வழிகளும்

சவுண்ட்பார் என்பது டிவியிடமிருந்து ஒலியை வாங்குவதற்கென்றே செய்யப்பட்ட கருவி. அமேசானின் எக்கோ, கூகுளின் நெஸ்ட், ஆப்பிளின் ஹோம்பாட் போன்ற ஸ்மார்ட் ஸ்பீக்கர்கள் அப்படிச் செய்யப்பட்டவை அல்ல. அவை இணையத்திலிருந்து பாட்டையும் செய்தியையும் தாமே இழுத்து ஒலிக்கும் கருவிகள். எனவே டிவியின் ஒலி அவற்றுக்குள் நுழைவதற்கு எப்போதும் ஏதாவது ஒரு சுற்றுவழி தேவைப்படுகிறது. கீழே சொல்லப்படும் சிக்கல்களில் மிகப் பெரும்பாலானவை ஸ்பீக்கரின் பழுதால் வருபவை அல்ல, அந்தச் சுற்றுவழியால் வருபவை. ஒரே சிக்கலுக்கு வழியைப் பொறுத்துத் தீர்வு மாறிவிடுவதால், எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன்பு உங்கள் ஒலி எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வழிகள் நான்குதான். முதலாவது, டிவியிலிருந்தோ, டிவியின் எச்டிஎம்ஐ துளையில் சொருகும் ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற கருவியிலிருந்தோ புளூடூத் வழியாக அனுப்புவது. இரண்டாவது, ஹெட்ஃபோன் துளையிலிருந்து 3.5 மி.மீ. கேபிள் வழியாக அனுப்புவது. மூன்றாவது, ஒலியை ஒளியாக மாற்றி அனுப்பும் ஆப்டிகல் கேபிள். நான்காவது, ஃபயர் டிவியை எக்கோவோடும், ஆப்பிள் டிவியை ஹோம்பாடோடும் வைஃபை மூலம் ஒரு குழுவாகச் சேர்ப்பது. எக்கோவே தமிழ் வீடுகளில் அதிகம் புழங்குவதால் இங்கே அதையே முதன்மையாக வைத்துக்கொள்கிறேன். மற்றவை வேறுபடும் இடங்களை மட்டும் சுட்டுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு சோதனை. டிவியை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரிடம் ஏதாவது ஒரு பாட்டைப் போடச் சொல்லிக் கேளுங்கள். பாட்டு சரியாக ஒலித்தால் ஸ்பீக்கர் நலமாக இருக்கிறது, கோளாறு வழியில்தான் இருக்கிறது. பாட்டிலேயே இரைச்சலோ தடையோ இருந்தால், டிவியின் அமைப்புகளில் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் பயன் இராது.

உதடு அசைந்த பிறகே சொல் கேட்கிறது

இதுவே முதன்மையான புகார். ஏறக்குறைய எப்போதும் புளூடூத் வழியில்தான் எழுகிறது. டிவி ஒலியைச் சுருக்கி, சிறு பொதிகளாக்கி அனுப்ப, ஸ்பீக்கர் அவற்றைச் சேமித்து, விரித்து, பிறகே ஒலிக்கிறது. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கும் வழக்கமான எஸ்பிசி முறையில் இந்த வேலைக்கு 150 முதல் 250 மில்லிவினாடி வரை பிடிப்பது சாதாரணம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி படத்தை முந்தினால் 45 மில்லிவினாடியிலேயே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். பிந்தினால் சுமார் 125 மில்லிவினாடி வரை தெரியாமல் போகலாம். தொலைவில் நடப்பதன் ஓசை நம்மை வந்தடையச் சற்று நேரமாவது இயல்பு என்பதால், பிந்தும் ஒலியைக் காது ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. புளூடூத்தின் தாமதம் அந்தப் பொறுமையின் எல்லையையும் தாண்டிவிடுகிறது.

இங்கே பலரும் செய்யும் காரியம், டிவியின் ஒலி அமைப்புகளில் இருக்கும் 'ஒலித் தாமதம்' என்ற அளவை உயர்த்திப் பார்ப்பது. அது ஏற்கெனவே பிந்தி வரும் ஒலியை மேலும் பிந்த வைக்குமே தவிர, முன்னே கொண்டுவராது. அந்த அளவு பூச்சியத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். சில டிவிகளில் மட்டும் படத்துக்கும் ஒலிக்கும் இடையிலான ஒத்திசைவை இரு திசையிலும் நகர்த்தும் வசதி உண்டு. அது இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள்.

இல்லாவிட்டால், ஒலியை முந்தச் செய்ய முடியாத நிலையில் படத்தைப் பிந்தச் செய்வதுதான் மிஞ்சியிருக்கும் வழி. படத்தைத் தன் கையில் வைத்திருக்கும் கருவியால் மட்டுமே அதைச் செய்ய முடியும். ஃபயர் டிவி ஸ்டிக்கிலோ ஆண்ட்ராய்டு டிவியிலோ உள்ள வீடியோ செயலியிடம் படமும் ஒலியும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே புளூடூத் எவ்வளவு தாமதிக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்த அளவுக்குப் படத்தை நிறுத்திவைத்துக் காட்ட அதனால் முடியும். அதனால்தான் ஸ்டிக்கையும் ஸ்பீக்கரையும் நேரடியாகப் புளூடூத்தில் இணைத்தால் படங்கள் சரியாகவும், அதே ஸ்பீக்கரை டிவியோடு இணைத்து செட்டாப் பாக்ஸின் சேனலைப் பார்த்தால் பிசகியும் தெரிகின்றன. ஃபயர் டிவியின் ஒலி அமைப்புகளில், துள்ளும் பந்தைப் பார்த்து ஒத்திசைவைச் சரிசெய்யும் பக்கம் ஒன்று இருக்கிறது. ஆப்பிள் டிவியில் 'வயர்லெஸ் ஆடியோ சிங்க்' என்ற பெயரில், ஐஃபோனின் மைக்கைக் கொண்டு தாமதத்தை அளந்து தானே திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. விஎல்சி, கோடி போன்ற செயலிகளில் ஒலியை முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பைக் கையாலேயே மாற்றலாம்.

சேனல் பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு உபாயம் உண்டு. டிவியில் கேம் மோட் இயங்கிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அது படத்தைப் பதப்படுத்தும் நேரத்தைக் குறைத்துப் படத்தை விரைவாகக் காட்டுவதால் இடைவெளி கூடுகிறது. அசைவை மென்மையாக்கும் வசதி போன்றவற்றை இயக்கினால் படம் சற்றுப் பிந்தி, இடைவெளி குறையும். முழுவதும் தீராது, ஆனால் செய்தி பார்க்கப் போதுமானதாகிவிடலாம். வீடியோ விளையாட்டுக்கு இந்த உபாயம் ஒத்துவராது. பொத்தானை அழுத்திய கணத்தில் படம் மாற வேண்டிய இடத்தில் படத்தைப் பிந்தவைக்க வழியே இல்லை என்பதால், விளையாடுபவர்கள் புளூடூத்தை மறந்துவிட்டுக் கேபிளுக்குப் போவதே நல்லது. கேபிள் வழியிலும் ஸ்பீக்கர் ஒலியை எண்களாக்கிப் பதப்படுத்துவதால் ஒரு சிறு தாமதம் உண்டு என்றாலும் பலருக்கு அது தெரிவதில்லை.

ஒவ்வொரு சொல்லும் இருமுறை கேட்டால், அதாவது எதிரொலி போல இருந்தால், டிவியின் சொந்த ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிக்கிறது என்று பொருள். அதை அணையுங்கள்.

சொல் முதலில் வருகிறது, உதடு பிறகு அசைகிறது

அரிதாக வரும் சிக்கல், ஆனால் வந்தால் குழப்பும். செட்டாப் பாக்ஸின் ஏவி வெளியீட்டிலிருந்து நேரடியாக ஸ்பீக்கருக்குக் கேபிள் இழுத்தவர்களுக்கு இது வரும். படம் டிவிக்குள் போய்ப் பதப்படுத்தப்பட்டுத் திரைக்கு வருவதற்குள், டிவியைத் தொடாமலே போன ஒலி முந்திவிடுகிறது. இப்போது மேலே சொன்னதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்: கேம் மோடை இயக்கி, அசைவை மென்மையாக்கும் வசதிகளை அணைக்க வேண்டும். டிவியின் ஒலித் தாமத அமைப்பு இங்கே வேலை செய்யாது, ஏனென்றால் ஒலி டிவி வழியாகவே போகவில்லை. இதிலும் சரியாகாவிட்டால் கேபிளை செட்டாப் பாக்ஸிலிருந்து எடுத்து டிவியின் ஹெட்ஃபோன் துளைக்கு மாற்றுங்கள்.

ஸ்டிக்கின் செயலிகளில் ஒலி வருகிறது, சேனல் மாற்றினால் வரவில்லை

ஃபயர் டிவி ஸ்டிக்கையும் எக்கோவையும், எக்கோவுக்கான அலெக்ஸா செயலியில் ஹோம் தியேட்டராகச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் இதைப் பழுது என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி அமைக்கிறார்கள். இது பழுதன்று. ஸ்டிக் தனக்குள் ஓடும் செயலிகளின் ஒலியை எக்கோவுக்கு அனுப்புகிறது. இன்னொரு எச்டிஎம்ஐ துளையில் இருக்கும் செட்டாப் பாக்ஸின் ஒலி ஸ்டிக்கை எட்டுவதே இல்லை. டிவிக்குள் வந்த ஒலியைத் திருப்பி வெளியே அனுப்ப ஏஆர்சி என்ற வசதி வேண்டும். 2009-இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்த இந்த வசதி, பெரும்பாலான டிவிகளில் ஒரே ஒரு துளையில் மட்டுமே இருக்கும். அதன் அருகே ஏஆர்சி அல்லது இ-ஏஆர்சி என்று அச்சிட்டிருப்பார்கள். ஸ்டிக்கை அந்தத் துளைக்கு மாற்றி, டிவியும் அதில் சொருகிய கருவிகளும் ஒன்றையொன்று கட்டுப்படுத்த உதவும் எச்டிஎம்ஐ-சிஇசி வசதியை டிவியில் இயக்கிவிட்டு, ஃபயர் டிவியின் ஒலி அமைப்புகளில் டிவியின் ஒலியைப் பெறும் தேர்வு தென்படுகிறதா என்று பாருங்கள். தென்படாவிட்டால் அந்த மாடலில் அது இயலாது. சேனலுக்குக் கேபிள் வழிதான்.

ஆப்பிள் டிவியில் நிலைமை தெளிவானது. 2021-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஆப்பிள் டிவி 4கே அல்லது அதற்குப் பிந்தையது இருந்து, பெரிய ஹோம்பாடும் இருந்தால், ஏஆர்சி வழியாக டிவியின் மற்ற ஒலிகளையும் ஹோம்பாடில் கேட்கலாம். ஹோம்பாட் மினிக்கு இது கிடையாது. ஆப்பிள் டிவியின் சொந்த ஒலியை மட்டுமே அது ஒலிக்கும்.

டிவி ஸ்பீக்கரைக் கண்டுபிடிக்கவே இல்லை

மூன்று காரணங்கள் இருக்கலாம். டிவியில் புளூடூத் இருந்தாலும் அது ரிமோட்டுக்கு மட்டும் என்று அமைந்திருக்கலாம். ஒலி வெளியீட்டுப் பட்டியலில் புளூடூத் என்ற பெயரே இல்லையென்றால் நிலைமை அதுதான். ஸ்பீக்கர் இணைப்புக்குத் தயாரான நிலையில் இல்லாதிருக்கலாம்; 'அலெக்ஸா, பேர்' என்று சொல்லிவிட்டு உடனே டிவியில் தேடுங்கள். மூன்றாவது, உங்களிடம் இருப்பது ஹோம்பாடாக இருக்கலாம். அது புளூடூத் வழியாக ஒலியை வாங்குவதே இல்லை என்பதால் எவ்வளவு தேடினாலும் பட்டியலில் வராது.

ஒருமுறை இணைந்து, மறுநாளோ மின்தடைக்குப் பிறகோ இணையாமல் போனால், ஸ்பீக்கர் வீட்டிலுள்ள வேறொரு கைப்பேசியோடு முந்திக்கொண்டு இணைந்திருக்க வாய்ப்பு அதிகம். அலெக்ஸா செயலியில் அந்த ஸ்பீக்கரின் புளூடூத் பட்டியலைத் திறந்து, கைப்பேசிகளை எல்லாம் நீக்கி, டிவியை மட்டும் விட்டுவையுங்கள்.

கேபிள் சொருகியும் ஒலி இல்லை

ஸ்பீக்கரில் ஒரு துளை இருப்பதாலேயே அது ஒலியை உள்வாங்கும் துளை என்று ஆகிவிடாது. எக்கோ டாட் மூன்றாம், நான்காம் தலைமுறைகளில் இருக்கும் 3.5 மி.மீ. துளை ஒலியை வெளியே அனுப்ப மட்டுமே பயன்படும். ஐந்தாம் தலைமுறையில் துளையே இல்லை. நெஸ்ட் ஆடியோவிலும் இல்லை. 2020-இல் வந்த நான்காம் தலைமுறை எக்கோவின் துளை இரு திசையிலும் வேலை செய்யும், ஆனால் அலெக்ஸா செயலியில் அந்த ஸ்பீக்கரின் அமைப்புகளுக்குள் போய் ஆக்ஸ் (கேபிள் துளை) ஒலியை 'லைன் இன்' (உள்வரும் ஒலி) என்று மாற்றினால்தான் உள்வாங்கும். கடைக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

ஆப்டிகல் வழியில் சிக்கல் வேறு விதம். 2019-இல் வந்த எக்கோ ஸ்டுடியோவின் துளை 3.5 மி.மீ. கேபிளையும் மினி ஆப்டிகல் கேபிளையும் ஏற்கும். டிவியில் இருப்பதோ சதுர வடிவ ஆப்டிகல் துளை. ஆகவே ஒரு முனை சதுரமாகவும் மறு முனை மினியாகவும் உள்ள கேபிளோ, அதற்கான மாற்று முனையோ தேவை. டிவியை இயக்கிவிட்டுக் கேபிளின் மறு முனையை உள்ளங்கையில் காட்டுங்கள்; செவ்வொளி விழுந்தால் டிவி அனுப்புகிறது என்று பொருள். ஒளி வந்தும் ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால், அல்லது கரகரவென்ற இரைச்சல் மட்டும் வந்தால், டிவி டால்பி வடிவில் அனுப்ப, மறுமுனைக்கு அது புரியவில்லை. டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீட்டைப் பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி வடிவம்) என்று மாற்றுங்கள். ஆப்டிகல் ஒலியைச் சாதாரணக் கேபிளுக்கு மாற்றித் தரும் விலை குறைந்த சிறு பெட்டிகளை வாங்கியவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். அவற்றில் பல பிசிஎம்மைத் தவிர வேறு எதையும் ஏற்பதில்லை.

இசை அதிர்கிறது, வசனம் கேட்கவில்லை

இதற்குள் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் மறைந்திருக்கின்றன, பிரித்தறிய வேண்டும்.

வசனம் மெலிதாகக் கேட்கிறது என்றால் அது ஒலிக்கலவையின் விஷயம். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட அமைப்புக்கான 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு உரியது. நம்மிடம் அது இல்லாததால் இடம், வலம் இரண்டிலும் கலந்து தரப்படுகிறது, மிகவும் சத்தமான பின்னணியோடு அது போட்டியிட வேண்டியிருக்கிறது. செட்டாப் பாக்ஸிலும் டிவியிலும் ஒலி வடிவத்தை ஸ்டீரியோ அல்லது பிசிஎம் என்று வையுங்கள். டிவியில் சரவுண்ட் என்ற பெயரில் இயங்கும் செயற்கை விளைவுகளை அணையுங்கள்: அவை இடத்துக்கும் வலத்துக்கும் இடையே வேண்டுமென்றே வேறுபாட்டை உண்டாக்குபவை, ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாகக் கலக்கும்போது ஒலியின் ஒரு பகுதி ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிச்சம் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல வரும். இரவு மோட் இருந்தால் இயக்குங்கள். அது உரத்த ஒலியை அடக்கி மெல்லிய ஒலியை உயர்த்தும். பிறகு அலெக்ஸா செயலியில் பாஸைக் குறைத்து மிட் அளவைக் கூட்டுங்கள். ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலோ அலமாரியின் உள்ளிலோ வைத்திருந்தால் வெளியே எடுங்கள். மூலை பாஸைப் பெருக்கும். என் கணிப்பில், எந்த அமைப்பையும்விட இந்த இடமாற்றமே அதிகப் பலன் தருகிறது.

வசனம் அறவே மறைந்து, இசையும் எதிரொலியும் மட்டும் வெகு தொலைவிலிருந்து கேட்பது போல இருந்தால், அது முழுக்க வேறு விஷயம், 3.5 மி.மீ. கேபிளில் மட்டுமே வரும். கேபிளின் மூன்று இணைப்புகளில் பொது இணைப்பு விட்டுப்போனால், இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஒலிக்கும். வசனம் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழிந்து மறைந்துவிடுகிறது. முனை முழுவதும் உள்ளே போகவில்லை என்றாலோ, கேபிள் உள்ளே அறுந்திருந்தாலோ, மூன்று வளையக் கோடுகள் கொண்ட மைக் வகை முனையைச் சாதாரணத் துளையில் சொருகியிருந்தாலோ இப்படி ஆகும். முனையை அழுத்திச் சொருகிப் பாருங்கள். சரியாகாவிட்டால் இரண்டு வளையக் கோடுகள் கொண்ட சாதாரண ஸ்டீரியோ கேபிளுக்கு மாறுங்கள்.

விடாமல் ஒரு ரீங்காரம்

படம் நின்றாலும், ஒலியளவைக் குறைத்தாலும் அடியில் தொடர்ந்து கேட்கும் ரீங்காரம் மின்சாரத்திலிருந்து வருவது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தத் தாழ்ந்த சுருதியிலும் அதன் மடங்குகளிலும் கேட்கும். முதலில் கேபிள் டிவி அல்லது டிஷ் வயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால், அந்த வயரின் எர்த்தும் வீட்டு மின்சாரத்தின் எர்த்தும் சேர்ந்து ஒரு சுற்றை உருவாக்கியிருக்கின்றன. டிவி, செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுங்கள்; அதிலும் தீராவிட்டால் கேபிளின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு உருளையைச் சேர்க்கலாம். ஆப்டிகல் கேபிளில் ஒளி மட்டுமே போவதால் இந்தச் சிக்கல் அதில் எழாது. மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; ரீங்காரம் போகலாம், கூடவே உயிர்ப் பாதுகாப்பும் போய்விடும்.

ரிமோட்டில் ஒலியளவு மாறவில்லை

ஆப்டிகல் வழியில் டிவி ஒரே நிலையான அளவில் அனுப்புவதே வழக்கம். ஒலியளவை ஸ்பீக்கரில்தான் மாற்ற வேண்டும். ஹெட்ஃபோன் துளையில் டிவியின் அளவும் ஸ்பீக்கரின் அளவும் தனித்தனி. டிவியை முக்கால் பங்குக்குமேல் வைத்துவிட்டு மீதியை ஸ்பீக்கரில் சரிசெய்தால் இரைச்சலும் குறையும். டிவியை உச்சத்தில் வைத்தால் சில டிவிகளில் ஒலி சிதையும். ஃபயர் டிவியின் ஹோம் தியேட்டர் குழுவில் ஸ்டிக்கின் ரிமோட்டே எக்கோவைக் கட்டுப்படுத்தும்; கட்டுப்படுத்தாவிட்டால் ஸ்டிக்கின் ஒலியளவு அமைப்பில் டிவியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் ரிமோட் எக்கோவுக்குப் பதிலாக டிவியையே கட்டுப்படுத்துகிறது.

ஒலி விட்டு விட்டு வருகிறது

புளூடூத்தும் பழைய வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. ஸ்டிக்கையும் ஸ்பீக்கரையும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். ஸ்டிக் டிவியின் முதுகில், உலோகத் தகட்டை ஒட்டி மறைந்திருந்தால், பெட்டியில் கூடவே வந்த சிறு எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிளைப் பயன்படுத்தி வெளியே தொங்கவிடுங்கள். அருகில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். அதன் மின்னிரைச்சல் இதே அலைவரிசையில் விழுகிறது.

ஹோம் தியேட்டர் குழுவே உருவாகவில்லை, அல்லது அடிக்கடி கலைகிறது என்றால், இரண்டு கருவிகளும் ஒரே அமேசான் கணக்கிலும் ஒரே வைஃபையிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்பாவின் கணக்கில் ஸ்டிக், மகளின் கணக்கில் எக்கோ என்பது நம் வீடுகளில் மிகச் சாதாரணம். விருந்தினருக்கான தனி வைஃபையில் ஒன்று மாட்டிக்கொண்டாலும், ரவுட்டரில் கருவிகளை ஒன்றையொன்று பார்க்கவிடாத ஏபி ஐசொலேஷன் இயங்கினாலும் இதே விளைவுதான்.

இரண்டு ஸ்பீக்கர் வாங்கியும் ஒன்று மட்டுமே ஒலிக்கிறது

எக்கோவில் ஸ்டீரியோ ஜோடிக்கு இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். பழைய டாட்டையும் புதிய எக்கோவையும் ஜோடி சேர்க்க முடியாது. பல அறைகளுக்கான இசைக் குழுவாகச் சேர்த்தால் பாட்டு எல்லாவற்றிலும் ஒலிக்கும், ஆனால் புளூடூத்தில் வரும் டிவியின் ஒலி, இணைந்த ஒரு ஸ்பீக்கரில் மட்டுமே ஒலிக்கும். டிவிக்கு இரண்டு எக்கோ வேண்டுமென்றால் ஃபயர் டிவியின் ஹோம் தியேட்டர் வழியே ஏற்றது.

படத்தில் யாரோ பேச, அலெக்ஸா பதில் சொல்கிறது

விளம்பரத்திலோ வசனத்திலோ அலெக்ஸா என்ற பெயர், அல்லது அதைப் போன்ற ஓசை, வந்தால் ஸ்பீக்கர் விழித்துக்கொண்டு, டிவியின் ஒலியைத் தாழ்த்தி, எதையாவது பேசத் தொடங்கும். அலெக்ஸா செயலியில் விழிப்புச் சொல்லை எக்கோ அல்லது கம்ப்யூட்டர் என்று மாற்றலாம். தமிழ் நிகழ்ச்சிகளில் கம்ப்யூட்டர் என்ற சொல் ஓயாமல் வரும் என்பதால் எக்கோவைத் தேர்ந்தெடுப்பது மேல். படம் பார்க்கும் நேரத்தில் மட்டும் மைக் பொத்தானை அழுத்திவிடுவது இன்னும் எளிது. சிவப்பு விளக்கு எரியும், டிவியின் ஒலிக்கு எந்தத் தடையும் இராது, குரல் கட்டளை வேண்டுமென்றால் ஸ்டிக்கின் ரிமோட்டில் உள்ள மைக்கைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.